உன் அம்மா பாஸான கேள்வித்தாள்

மகனே,

யாரும் நம்பப் போகாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன் என்று, வடமதுரை வட்டாரத்தில் நான் இதுவரை கட்டிய அத்தனை குழாய் ஒலிபெருக்கிகளின் மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். அசையாத கை ஒன்று அசையாமலேயே குணமான கதை இது. மருந்து இல்லை, தைலம் இல்லை, வானத்திலிருந்து எந்தப் புனிதரும் இறங்கி வரவில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனாவும் இரண்டு தாளும் பக்கத்து வீட்டு ஆடு ஒன்றும் சேர்ந்து, கால் மணி நேரத்தில் உன் அம்மாவைக் குணப்படுத்திவிட்டன. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. அந்த அற்புதத்தை நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வாரம் நீ விமானம் ஏறுகிறாய். வெளிநாட்டு அறிஞர்கள் முன்னால் நின்று, பக்கவாதம் வந்தவர்களின் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைக் கேள்வி கேட்டே அளந்துவிடலாம் என்று படம் போட்டுக் காட்டப் போகிறாய். காட்டு. ஆனால் இதைப் படித்துவிட்டுப் போய்க் காட்டு. உனக்கு மட்டும் உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். முப்பது வருடம் மைக் செட் வைத்துப் பிழைத்தவன் குசுகுசுவென்று பேசினால் தொழிலுக்கே அவமானம் என்பதால் ஊரே வாசிக்கும்படி எழுதுகிறேன். எனக்குக் கோபம். எவ்வளவு கோபம் என்று உன் பாணியில் கேட்டால், ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள உன் அளவில் எனக்கு எழுபத்திரண்டு.

உன்மேல் எனக்கு இருந்த பெருமையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபத்தின் எடை தெரியாது. பிசியோதெரபி படித்து முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில் நீ வீட்டுக்கு வந்திருந்தாய். சாப்பாட்டுத் தட்டைக் கூட மறந்துவிட்டுப் பேசினாய். "அப்பா, டாக்டரு முழங்கை எத்தன டிகிரி மடங்குதுன்னு அளக்குறாரு. அந்தக் கையால அவுங்க சோறு பெசஞ்சு திங்க முடியுதா, ஒருத்தரும் கேக்குறதில்ல. நோயாளிக்கிட்டயே கேக்கணும். அதத்தான் நாங்க பண்ணப் போறோம்" என்றாய். நான் அன்று எவ்வளவு பூரித்தேன் என்றால், மறுநாள் ஒரு காதுகுத்து விழாவில் மைக்கைச் சோதிக்கும்போது 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்பதற்குப் பதிலாக உன் கொள்கையை முழுவதுமாக முழங்கினேன். காது குத்த உட்கார்ந்திருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அய்யலூர் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். இப்போதும் சொல்கிறேன், உன் எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. நோயாளியிடம் கேட்க வேண்டும். அதைத்தானடா நீ செய்யவில்லை.

முதல் தப்பு உன் தமிழில் இருந்து தொடங்குகிறது. இங்கிலீஷில் இருந்த கேள்விகளை நீதான் தமிழாக்கினாய். அந்தத் தாளுக்கு 'கேள்வித்தாள்' என்று பெயர் வைத்தாய். பதிலுக்குப் போடும் எண்ணுக்கு 'மதிப்பெண்' என்று பெயர் வைத்தாய். ஏலே, திண்டுக்கல் ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவன்தானே நீ? இங்கே கேள்வித்தாள் என்றால் என்ன, மதிப்பெண் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு உன் அம்மா எத்தனை ஜெபமாலை உருட்டினாள் என்பது மாதாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் கேள்வித்தாளோடு ஒரு பெண் வந்து, 'உங்கள் மகன் தயாரித்தது' என்று சொன்னால் நாங்கள் என்ன நினைப்போம்? பையனுக்குப் பரீட்சை என்று நினைப்போம். மதிப்பெண் கூடினால் பையனுக்கு நல்லது, குறைந்தால் பையன் பெயில். அப்படித்தான் நினைத்தோம். இரண்டு பேருமே.

அந்தப் பெண் வந்த நாளைச் சொல்வதற்கு முன்னால், கை நின்றுபோன நாளைச் சொல்ல வேண்டும். உனக்கு நான் இதுவரை சொல்லாதது. போன வருடம் தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். உன் அம்மா சிலுவை அடையாளம் போடக் கையைத் தூக்கினாள். தந்தைக்கு நெற்றி, மகனுக்கு மார்பு என்று போக வேண்டிய கை, நெற்றிக்குப் போகாமல் மார்பிலேயே நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "என்ன ஆரோக்கியம், தந்தைய விட்டுப்புட்டு நேரா மகன்கிட்ட போயிட்ட? ஒனக்கு எப்பவும் மகன்தான் ஒசத்தியா?" என்றேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் நகைச்சுவைக்கு நானே மயங்கி, அதை இன்னொரு தடவை சொன்னேன். பிறகுதான் ஆட்டோ, பிறகுதான் ஆஸ்பத்திரி. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். ஒரு ஜோக்கைச் சொல்லி ரசித்து, மறுபடி சொல்லும் நேரம் எவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியும். உன் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, உன் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த அந்த மறுவாழ்வு மையத்துக்குப் போய்வந்தோம். கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு உளுந்து எடுத்துப் போடுவாள். சுவரில் விரல் விரலாகக் கையை மேலே ஏற்றுவாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஸ்ட்ரோக்கைப் பற்றி ஸ்ட்ரோக் வராதவன் சொல்லக்கூடிய அத்தனை அறிவுரையும் சொல்வேன். மாதாமாதம் கேள்வித்தாள் நிரப்ப ஒருவர் வருவார். இந்த மாதத்துக்கும் முதல் மாதத்துக்கும் இத்தனை மதிப்பெண் கூடியிருந்தால், அது நோயாளிக்கே பெரிதாகத் தெரியும் முன்னேற்றம் என்று ஒரு கோடு கிழித்திருந்தார்கள். கோட்டைத் தாண்டியவருக்குப் பயிற்சி முடிந்தது. அந்த இடம் அடுத்தவருக்கு. கோட்டைக் கிழித்தவன் நீ. நல்ல நேரான கோடு. ஒட்டன்சத்திரம் ரோட்டைவிட நேரான கோடு.

கடைசியாக வந்த பெண்ணின் பெயர் நிர்மலா. ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளை, பேச்சில் மரியாதை சொட்டும். மையத்தில் கூட்டமாக இருந்ததால் வீட்டுக்கே வந்தாள். உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். எங்கே உட்கார்ந்தேன் என்பதைக் கவனித்துக்கொள்.

"இறுக்கமா மூடுன பாட்டில் மூடியத் தொறக்கறதுக்குச் சிரமமுங்களாம்மா?"

"ஊறுகா பாட்டிலா? நாந்தான தொறந்து குடுக்குறேன். அவளுக்கு ஒரு சிரமமும் கெடையாது. அஞ்சு போடு தாயி" என்றேன் நான்.

"சமையல் செய்யறதுக்குங்க?"

"சமையலே நாந்தான். ரசத்துல கொஞ்சம் உப்பு ஏறும், மத்தபடி சிரமமே இல்ல. அஞ்சு."

"ஏனுங்க ஐயா, கோவிச்சுக்காதீங்க, இதுக்கு அம்மாதானுங்க பதில் சொல்லோணும்."

"அம்மா சார்பா நாப்பது வருசமா நாந்தான் பேசுறேன். கல்யாணத்துல 'சம்மதமா'ன்னு சாமியார் கேட்டப்பவே இவளுக்குச் சேத்து நாந்தான் சத்தமாச் சொன்னேன். நீ கேளு."

அந்தப் பிள்ளை உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா தரையைப் பார்த்தாள். அடுத்த கேள்வி: வீட்டைச் சுற்றி வளர்ந்த புல்லை வெட்டுவதில் சிரமம் உண்டா? ஏலே அப்பு, வடமதுரையில் எவனடா வீட்டைச் சுற்றிப் புல் வளர்த்து வெட்டுகிறான்? எந்தச் சீமையிலோ எழுதியதை எழுத்துக்கு எழுத்து இறக்கியிருக்கிறாய். நம் வீட்டுப் பின்பக்கத்தில் முளைக்கும் புல்லைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்கிறது. அதைத்தான் சொன்னேன். "ஆடு வெட்டுது தாயி, அதுக்குப் பரம சௌகரியம்" என்றேன். நிர்மலா சிரித்துவிட்டு, தாளைப் பார்த்து, வேறு வழி தெரியாமல் 'சிரமம் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். ஐந்து. உன் அம்மா கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு மதிப்பெண்ணில் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒன்றுக்கு ஆட்டைத் தவிர யாரும் உரிமை கொண்டாட முடியாது.

இது வேடிக்கை இல்லை. செய்யவே செய்யாத வேலையில் சிரமம் எப்படி வரும்? பாட்டிலைத் தொடாதவளுக்குப் பாட்டில் சிரமம் இல்லை. அடுப்படிக்குள் போகாதவளுக்கு அடுப்பு சிரமம் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். செத்துப்போயிருந்தால் மாநிலத்திலேயே முதலிடம். முதல் மாதம் அவளே பதில் சொன்னாள், முயன்று பார்த்துத் தோற்றதால் குறைவாகச் சொன்னாள். கடைசி மாதம் நான் சொன்னேன். இரண்டு தாளையும் கழித்துப் பார்த்து, அவள் இவ்வளவு மாறிவிட்டாள் என்று எழுதினாய். மாறினது ஆள்தானடா. பதில் சொன்ன ஆள்.

கடைசிக் கேள்வியை மட்டும் நிர்மலா உன் அம்மாவின் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டாள். மொத்தத்தில் கை இப்போது எப்படி இருக்கிறது? உன் அம்மா சொன்னாள்: "பரவாயில்லம்மா."

"நல்லா ஆயிருச்சுங்களாம்மா, இல்ல கொஞ்சமாத்தான் ஆயிருக்குங்களா?"

"பரவாயில்லம்மா. வெயில்ல வந்திருக்க, மொதல்ல மோரு குடி."

நான் விடவில்லை. "நல்ல முன்னேற்றம்னே போடு தாயி. பெத்த புள்ள பேரு கெட்டுறக் கூடாது" என்றேன். போட்டாள். மோர் குடித்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பரவாயில்லை என்ற சொல்லுக்கு என்ன மதிப்பெண் என்று உன் ஆராய்ச்சியில் எங்காவது எழுதியிருக்கிறாயா? விருந்தாளி கை தவறிக் கண்ணாடித் தம்ளரை உடைத்தால் உன் அம்மா பரவாயில்லை என்பாள். புதுச் சேலை பிடித்திருக்கிறதா என்றால், பிடிக்காவிட்டால் பரவாயில்லை என்பாள், மிகவும் பிடித்திருந்தாலும் அதையேதான் சொல்வாள். நீ பிறந்த அன்று இரண்டு பகல் வலிக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று நர்ஸ் கேட்டதற்கும் பரவாயில்லை என்றாள். போன கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை, கட்டுரை முடிக்க வேண்டும் என்று நீ போனில் சொன்னாயே, அப்போது என்ன சொன்னாள்? நினைவிருக்கிறதா? அதற்கு எத்தனை போட்டாய்? நாலா? ஐந்தா? போனை வைத்த பிறகு உனக்கென்று எடுத்துவைத்திருந்த கேக்கை டப்பாவோடு தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாளே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

இரண்டு வாரத்தில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சி நிறைவு பெற்றது, வாழ்த்துகள். கீழே ஒரு ரோஜாப்பூப் படம். நான் சத்தமாக வாசித்தேன். எனக்கு வேறு எப்படியும் வாசிக்க வராது. உன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப தம்பி பாஸாயிட்டானா?" ஆயிட்டான் என்றேன். கடிதத்தை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அதோடு பஸ் ஏறுவது நின்றது. உளுந்தும் சுவரும் நின்றன. நான் வீட்டில் பயிற்சி கொடுத்தேன் என்று சொன்னால் நீ நம்பாதே, கொடுக்கவில்லை. பாஸான பிள்ளைக்கு எதற்கு டியூஷன் என்று இருந்துவிட்டேன். கோவிலில் அவள் எப்போதும் மூன்றாவது வரிசை. மெல்ல மெல்லத் தூண் மறைவுக்குப் போய்விட்டாள். முழங்கால் வலி, ஓரமாக இருந்தால் எழுந்து போக வசதி என்றாள். நம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். பூசை தொடங்கி எல்லோரும் நெற்றியைத் தொட்டபோது, அவள் இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள், தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி. மார்பைத் தாண்டவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "அப்பா, ஸ்கோரு நல்லாத்தான இருக்கு. நான் பாத்தேனே. கோட்டுக்கு மேல இருக்காங்க. அது ரொம்ப நம்பகமான கருவிப்பா." நான் சொன்னேன், "ஏலே, ஒங்க ஆத்தா கை தூக்க முடியல." நீ சொன்னாய், "இருக்காதுப்பா. ஒருவேள அன்னைக்கு டயர்டா இருந்திருப்பாங்க." மகனே, நான் என் கண்ணால் பார்த்ததை நம்பாமல், நான் உன் காகிதத்தில் எழுதவைத்த பொய்யை நம்பினாய். என்னை நம்பியிருக்க வேண்டாம், என் வாய்க்கு அந்த யோக்கியதை கிடையாது. அவளைக் கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? பக்கத்தில்தான் இருந்தாள். 'அம்மாகிட்ட குடுங்க' என்று நீ சொல்லவில்லை. நானும் கொடுக்கவில்லை. அப்பனும் மகனுமாக அவள் கையைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவள் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கையால்.

நேற்று நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். நடுவில் இல்லை, எதிரில். "ஆரோக்கியம், ஒங்கை எப்பிடி இருக்கு? நீ சொல்லு. நான் வாயத் தொறக்கல" என்றேன். பரவாயில்லங்க என்றாள். எதுக்குப் பரவாயில்ல என்று கேட்டேன். ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். பிறகு அவள் பேசினாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு ஊறுகா பாட்டிலு தொறக்க வேணாங்க. சட்டிய எறக்க வேணாம். அதுக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு நெத்தி எட்டணும். அம்புட்டுத்தான். அத எந்தப் புள்ளையும் எங்கிட்டக் கேக்கல. மார்கழியில மூக்கு வரைக்கும் வந்துருச்சு. தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு பாப்பேன். இன்னும் மூணு வெரக்கடைதான் இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னயப் பாஸ் பண்ணி விட்டுட்டீங்க."

கேட்டுக்கொண்டாயா? அவளிடம் ஓர் அளவுகோல் இருந்தது. நாளுக்கு நாள், தன் கண்ணாலேயே அளந்தாள். உன் கருவியைவிட நுட்பமானது. அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேள்விகள் முன்கூட்டியே தயாராகிவிட்டன. ஆகவே அப்பனாக இல்லை, உன் ஆராய்ச்சியைக் கெடுத்தவனாக உனக்குச் சொல்கிறேன். தாளில் உன் இருபது கேள்வியும் இருக்கட்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் 'இந்தக் கையால் உனக்கு எது திரும்ப வேண்டும்' என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்வதை எழுத ஒரு வரி விடு. செய்யாத வேலைக்கு ஐந்து போடாதே. யார் பதில் சொன்னது என்று எழுதவை. புருசன்மாரை மோர் வாங்க அனுப்பு. அந்தக் கேள்வித்தாள், மதிப்பெண் என்ற சனியன்களைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு நல்ல வார்த்தை கண்டுபிடி. பரவாயில்லை என்று யாராவது சொன்னால் பேனாவை மூடிவிட்டு உட்காரு. வெளிநாட்டில் நிற்கும்போது, உன் கோட்டைத் தாண்டிய ஒருத்தியின் கை கீழே இறங்கிவிட்டது என்பதையும் சொல். சொல்லாவிட்டால் நான் அங்கே வந்து மைக் கட்டுவேன்.

அதற்கெல்லாம் முன்னால் மையத்துக்கு எழுது. அவள் இடம் அவளுக்குத் திரும்ப வேண்டும். பிறகு வீட்டுக்குப் போன் போடு. நான் எடுக்கமாட்டேன். போனை அவள் இடது பக்கம் வைத்திருக்கிறேன். கையிலிருப்பதை இறக்கிவிட்டு எடுக்க நேரமாகும், வைத்துவிடாதே, அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

இதில் எதை நம்புவது என்று நீ குழம்புவாய். அய்யலூர் வரை என் குரல் கேட்டது பொய், பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். எழுபத்திரண்டு பொய், அதைவிடக் கூடுதல். நேற்று ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை என்பது கலப்படமில்லாத பொய், ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை, நடுவில் இருமினேன். மற்றதையும் நீ உன் இஷ்டம்போல் கழித்துக்கொள். அந்த மூன்று விரற்கடை மட்டும் உண்மை. இன்று காலை நெற்றிக்கு அது ஒன்றரைச் சாண். நானே கையை வைத்து அளந்தேன்.